மயிலாசனத்திற்குக் கொடுத்த விலை

கெய்ரோ மாநகரில் சுல்தான் ஹஸன் மஸ்ஜிதுக்கு எதிரே, ஒரு தெருவின் அகலமே இடைவெளியாக, அர்-ரிஃபாஈ மஸ்ஜித் நிற்கிறது. எகிப்திய அரச குடும்பத்தார் பலர் அங்கே அடக்கமாகியுள்ளனர். மன்னர் ஃபாரூக்கின் கப்ரும் அங்கேதான். அதே மஸ்ஜிதின் ஓர் அறையில் ஈரானின் கடைசி மன்னர் முஹம்மது ரிஸா ஷா பஹ்லவி துயில்கிறார். 1980 ஜூலை 27 அன்று அவர் மரணமுற்றபோது அடக்கத்திற்கு இடமளித்தவர் எகிப்திய அதிபர் அன்வர் ஸாதாத். முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்ஸன் தம் சொந்தப் பொறுப்பில் வந்து ஜனாஸா ஊர்வலத்தில் நடந்தார். அமெரிக்க அரசின் சார்பிலோ, கெய்ரோவில் இருந்த அதன் தூதர் மட்டுமே கலந்துகொண்டார். கால் நூற்றாண்டுக் காலம் வாஷிங்டனின் மிக நெருங்கிய நேசர் என்று கொண்டாடப்பட்ட ஒருவருக்கு இறுதியில் கிடைத்த மரியாதை அவ்வளவே.

ஷா இழந்தது குறித்து நிரம்ப எழுதப்பட்டுள்ளது. அவர் ஆட்சியில் ஈரானிய மக்கள் இழந்தது குறித்தும் நூல்கள் பல உள்ளன. நாம் இங்கு எடுத்துக்கொள்வது வேறொரு கணக்கு. இந்த நேசத்தினால் அந்த வல்லரசு இழந்தது என்ன? எண்ணெயும் பணமும் படைத்தளவாடமும் அக்கணக்கில் உண்டு. ஆயினும் முதலில் பறிபோனது பார்வை என்றே நாம் கருதுகிறோம். ஒரு நாட்டை அதன் அரசரின் கண்வழியாக மட்டுமே காண்பது என்று அமெரிக்கா இசைந்தது. ஏனைய இழப்புகளிற் பெரும்பாலானவை அந்த இசைவிலிருந்து கிளைத்தவை.

ஈரானியரிடையே அமெரிக்காவுக்கு ஒரு காலத்தில் இருந்த நற்பெயரை இன்றைய வாசகர் நம்புவது கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நெடுகிலும் வடக்கே ரஷ்யாவும் தெற்கே பிரிட்டனும் அந்நாட்டை நெருக்கிக்கொண்டிருந்தன. தொலைவிலிருந்த அமெரிக்காவுக்கு அங்கே நிலப்பசி இருக்கவில்லை. உலமாக்களும் வணிகர்களும் தோளோடு தோள் நின்று நடத்திய அரசியல் சட்டப் புரட்சியின்போது, தப்ரீஸ் நகரை மன்னரின் படைகள் முற்றுகையிட்டன. அங்கே மிஷன் பள்ளியொன்றில் ஆசிரியராயிருந்த ஹோவர்ட் பாஸ்கர்வில் என்னும் அமெரிக்க இளைஞர், தம் மாணவர்களோடு ஆயுதமேந்திச் சென்று 1909 ஏப்ரலில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 24. அவர் கல்லறை தப்ரீஸிலேயே உள்ளது. 1911-ல் நாட்டின் நிதி நிர்வாகத்தைச் சீர்செய்ய மார்கன் ஷஸ்டர் என்னும் அமெரிக்கரை ஈரானிய மஜ்லிஸ் வரவழைத்தது. அவரை வெளியேற்றுமாறு ரஷ்யா இறுதி எச்சரிக்கை விடுத்தபோது மஜ்லிஸ் பணிய மறுத்தது. அதன் பொருட்டு மஜ்லிஸே மூடப்பட்டது. ஓர் அமெரிக்க அதிகாரிக்காக முஸ்லிம் நாடாளுமன்றம் ஒன்று தன்னையே பலியாகக் கொடுத்த வரலாறு இது. 1946-ல் சோவியத் படைகள் அஸர்பைஜான் மாகாணத்தை விட்டு அகல மறுத்தபோதும் ஐக்கிய நாடுகள் அவையில் அமெரிக்கா ஈரானுக்குத் துணைநின்றது. இந்த நல்லெண்ண முதலீடு முழுவதும் 1953-ல் ஒரே வாரத்தில் செலவழிக்கப்பட்டது.

அவ்வாரத்தின் பின்னணி எண்ணெய். ஆபாதானில் இருந்த சுத்திகரிப்பாலை அன்று உலகிலேயே பெரியது. அதை நடத்திய ஆங்கிலோ-ஈரானிய எண்ணெய் நிறுவனம் பிரிட்டிஷ் அரசுக்கு வரியாகச் செலுத்திய தொகை, எண்ணெய்க்கு உரிமையுடைய ஈரானுக்கு ஈந்த பங்கைவிட மிகுதியாக இருந்தது. 1951 மார்ச்சில் மஜ்லிஸ் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது. அடுத்த மாத இறுதியில் முஹம்மது முஸத்திக் பிரதமரானார். அதிபர் ட்ரூமன் அவரை வாஷிங்டனுக்கு அழைத்து உரையாடினார். ஆட்சிக் கவிழ்ப்பு என்னும் பிரிட்டனின் யோசனைக்கு அவர் செவிசாய்க்கவில்லை. 1953 ஜனவரியில் ஐஸன்ஹோவர் பதவியேற்ற பின் காட்சி மாறிற்று. கம்யூனிஸ அச்சம் முன்னே நிறுத்தப்பட்டது. முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பேரரான கெர்மிட் ரூஸ்வெல்ட், சி.ஐ.ஏ.வின் பொறுப்பாளராகத் தெஹ்ரானுக்குச் சென்றார். ஆகஸ்ட் 15 இரவு நடந்த முதல் முயற்சி தோற்றது. ஷா பக்தாதுக்கும் அங்கிருந்து ரோமுக்கும் பறந்தார். ஆகஸ்ட் 19 அன்று, கூலிக்குத் திரட்டிய கூட்டமும் இராணுவத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து முஸத்திக்கின் ஆட்சியைக் கவிழ்த்தன. மூன்றாண்டுச் சிறைக்குப் பின் அவர் அஹ்மதாபாத் சிற்றூரில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 1967-ல் இறக்கும்வரை அந்நிலை மாறவில்லை.

நியாயம் கருதி ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். முஸத்திக்கை வீழ்த்தியவர்கள் அந்நியர் மட்டுமல்லர். எண்ணெய் இயக்கத்தில் அவருக்குத் தோள்கொடுத்த ஆயத்துல்லாஹ் காஷானி, இறுதிக் கட்டத்தில் அவரைக் கைவிட்டு எதிரணிக்குச் சென்றார். மன்னராட்சி மீண்டதில் மகிழ்ந்த உலமாக்களும் இருந்தனர். பிற்காலத்தில் இது அதிகம் பேசப்படுவதில்லை.

கவிழ்ப்பு நடந்த சில வாரங்களில் அமெரிக்கா புதிய ஆட்சிக்கு 4.5 கோடி டாலர் அவசர உதவி வழங்கியது. 1954-ல் அமைந்த எண்ணெய்க் கூட்டமைப்பில் அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 விழுக்காடு கிடைத்தது. 1957-ல் சி.ஐ.ஏ.வின் துணையோடு ‘ஸாவாக்’ என்னும் உளவுக் காவல் அமைப்பு உருவாயிற்று. அதன் சித்திரவதைக் கூடங்கள் ஈரானியரின் நினைவில் அமெரிக்காவோடு சேர்த்தே பதிந்தன. கணக்குப் பார்ப்போருக்கு அந்நாட்களில் இது இலாபமான வணிகமாகவே தோன்றியிருக்கும்.

1964-ல் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் காண்பது தகும். அவ்வாண்டு அக்டோபரில், ஈரானில் பணிபுரியும் அமெரிக்க இராணுவ ஆலோசகர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் தூதர்களுக்குரிய சட்டப் பாதுகாப்பு வழங்கும் மசோதா மஜ்லிஸில் நிறைவேறியது. அவர்கள் எக்குற்றம் புரிந்தாலும் ஈரானிய நீதிமன்றம் விசாரிக்க இயலாது. அதே மாதத்தில் 20 கோடி டாலர் கடனுக்கும் மஜ்லிஸ் ஒப்புதல் தந்தது. இரண்டையும் மக்கள் முடிச்சுப் போட்டுப் பார்த்தனர்.

வாஷிங்டனில் இது ஒரு வழக்கமான அலுவலக நடைமுறை. படைவீரர் தங்கும் பல நாடுகளோடு அத்தகைய ஒப்பந்தங்கள் இருந்தன. ஆனால் முஸ்லிம் நாடுகளின் வரலாற்றில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. உஸ்மானிய ஆட்சியில் ‘இம்தியாஸாத்’ என வழங்கிய அந்நியச் சலுகைகள், வலிமையுள்ள சுல்தான்கள் மனமுவந்து அளித்த கொடையாகத் தொடங்கி, வலிமை குன்றிய காலத்தில் கழுத்துக் கயிறாக மாறியவை. ஈரானில் 1828-ல் துர்க்மன்சாய் உடன்படிக்கை வழியாக ரஷ்யா அதைப் பெற்றது. அவ்வொப்பந்தம் தோல்வியின் சின்னமாகவே பாடப்புத்தகங்களில் இடம்பெற்றது. 1928-ல் அச்சலுகைகளை ஒழித்தவர் வேறு யாருமல்லர், இந்த ஷாவின் தந்தை ரிஸா ஷா. தந்தை ஒழித்ததை மைந்தர் மீண்டும் கொணர்ந்தார். அமெரிக்க அதிகாரிகளில் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்கும்!

கும் மாநகரில் ஃபிக்ஹும் தத்துவமும் போதித்துவந்த ஆயத்துல்லாஹ் கொமைனிக்கு அது நன்கு தெரிந்திருந்தது. அக்டோபர் 26 அன்று அவர் ஆற்றிய உரையின் சாரம் எளியது: அமெரிக்கரின் நாயின்மீது ஷாவே வண்டியேற்றினாலும் அவர் விசாரிக்கப்படுவார், ஓர் அமெரிக்கச் சமையற்காரன் ஷாவின் மீதோ மிக உயர்ந்த மார்க்க அறிஞரின் மீதோ வண்டியேற்றினால் கேட்க நாதியில்லை. எழுத்தறியாதாருக்கும் விளங்கும் உவமை அது. நவம்பர் 4 அன்று அவர் கைதுசெய்யப்பட்டுத் துருக்கிக்கு நாடுகடத்தப்பட்டார். மறு ஆண்டு நஜஃபுக்குச் சென்றார். அமெரிக்கர் இத்தேதியை மறந்தனர். சரியாகப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே நவம்பர் 4 அவர்களைத் தேடி வந்தது.

1972 மே மாத இறுதியில் நிக்ஸனும் கிஸிங்ஜரும் தெஹ்ரானுக்கு வந்தனர். வியத்நாமில் களைத்திருந்த அமெரிக்கா, வளைகுடாவின் காவலை ஷாவிடம் ஒப்படைக்க விரும்பியது. அணு ஆயுதம் நீங்கலாக அவர் கேட்கும் எதையும் விற்கலாம் என்றும், எதை வாங்குவது என்ற முடிவை ஈரானிய அரசுக்கே விட்டுவிட வேண்டும் என்றும் தீர்மானமாயிற்று. 1972 முதல் 1977 வரை ஈரான் செய்த ஆயுதக் கொள்முதல் 1,600 கோடி டாலருக்கு மேற்பட்டது. அமெரிக்கக் கடற்படைக்கெனப் புதிதாக உருவாக்கப்பட்ட எஃப்-14 போர் விமானத்தை வாங்கிய ஒரே அயல்நாடு ஈரான். 1976-ல் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழு அலுவலர்கள் அளித்த அறிக்கை, அமெரிக்கப் பணியாளர்களின் அன்றாட உதவியின்றி ஈரான் அந்த ஆயுதங்களைக் கொண்டு போரிட இயலாது எனத் தெரிவித்தது. அப்போதே ஏறத்தாழ 24,000 அமெரிக்கர் அந்நாட்டில் வாழ்ந்தனர். எச்சரிக்கை அச்சில் இருந்தது. படித்துச் செயற்படத்தான் எவருமில்லை.

இத்தனை கொடுத்தும் நண்பர் சொற்படி நடந்தாரா என்றால் அதுவும் இல்லை. 1973 அக்டோபர்ப் போரையொட்டி அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது ஷா அதில் சேரவில்லை என்பது மெய். ஆனால் அவ்வாண்டு டிசம்பரில், அவர் தலைநகரிலேயே, அவர் முன்னின்று, எண்ணெய் விலை பீப்பாய்க்கு 5.11 டாலரிலிருந்து 11.65 டாலராக உயர்த்தப்பட்டது. அமெரிக்கக் குடும்பங்கள் கொடுத்த கூடுதல் விலை தெஹ்ரான் சென்று, அமெரிக்க ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத் திரும்பியது. 1975 மார்ச்சில் அல்ஜியர்ஸில் ஈராக்கோடு ஷா ஒப்பந்தம் செய்துகொண்டார். அதுவரை அவரும் அமெரிக்காவும் சேர்ந்து தூண்டிவிட்டிருந்த குர்துகள் ஓரிரவில் கைவிடப்பட்டனர். முடிவெடுத்தவர் ஷா, பழியில் பங்கு அமெரிக்காவுக்கு.

பார்வை பறிபோன வகை இனி. வடக்கு ஈரானில் பெஹ்ஷஹ்ரிலும் கப்கானிலும் அமெரிக்கர் ஒட்டுக்கேட்பு நிலையங்களை அமைத்திருந்தனர். சோவியத் ஏவுகணைச் சோதனைகளை அறிய அவை இன்றியமையாதவை. அவற்றை இழக்க விரும்பாதவர்கள் ஷாவின் மனம் கோணாமல் நடந்தாக வேண்டும். தம் எதிரணியினரோடு அமெரிக்கர் பேசுவதை ஷா விரும்பவில்லை. ஆகவே தூதரகம் அத்தொடர்புகளைத் தவிர்த்தது. உள்நாட்டுச் செய்திகளுக்கு ஸாவாக்கையே நம்பியிருந்தது. ஃபார்ஸி சரளமாகப் பேசும் அலுவலர்கள் சிலரே. எல்லை தாண்டி நூற்றுக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஏவுகணையின் ஒலியைக் கேட்டவர்களுக்குத் தூதரகத்துக்கு அப்பாலுள்ள கடைவீதியில் என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை.

1976 மார்ச்சில் ஷா நாட்காட்டியை மாற்றினார். நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தை முதலாகக் கொண்ட ஆண்டுக் கணக்கை அகற்றி, ஸைரஸ் மன்னனை முதலாகக் கொண்ட கணக்கைப் புகுத்தினார். 1355 ஆம் ஆண்டு ஒரு நாளில் 2535 ஆயிற்று. ஒரு முஸ்லிம் சமுதாயத்தின் உள்ளத்தில் இது ஏற்படுத்தும் புண்ணை நாம் விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டு நோக்கர்களிற் பலர் இதை ஓர் ஆடம்பரச் செய்தியாகக் கடந்து சென்றனர்.

1977 டிசம்பர் 31 இரவு தெஹ்ரான் அரண்மனை விருந்தில் அதிபர் கார்ட்டர், குழப்பம் மிகுந்த ஒரு பகுதியில் ஈரான் நிலைத்தன்மையின் தீவாக விளங்குகிறது என்று வாழ்த்தினார். மனித உரிமை பேசி ஆட்சிக்கு வந்தவர் அவர். ஏழு நாட்கள் கழித்து, ஜனவரி 7 அன்று, இத்திலாஆத் நாளேட்டில் கொமைனியை இழிவுபடுத்தும் கட்டுரை புனைபெயரில் வெளியாயிற்று. ஜனவரி 9 அன்று கும் நகரில் மத்ரஸா மாணவர்கள் திரண்டனர், துப்பாக்கிகள் வெடித்தன, உயிர்கள் போயின. நாற்பதாம் நாளான பிப்ரவரி 18 அன்று அவர்களுக்கான துக்கம் தப்ரீஸில் கிளர்ச்சியாயிற்று; அங்கும் இறந்தனர். அவர்களுடைய நாற்பதாம் நாள் மார்ச் இறுதியில் யஸ்தில் வந்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இங்கே நம் பொருளன்று. ஆனால் அது என்னவென்று நம் ஊர்ச் சிறுவருக்கும் தெரியும். ஒவ்வொரு நாற்பது நாளுக்கும் ஒரு நாடே எழுவதைக் காண நாட்காட்டி ஒன்று போதுமாயிருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் சி.ஐ.ஏ. அளித்த மதிப்பீடு, ஈரான் புரட்சி நிலையிலோ புரட்சிக்கு முந்திய நிலையிலோ கூட இல்லை என்று கூறியது. செப்டம்பர் 8 வெள்ளிக்கிழமை தெஹ்ரானின் ஷாலே சதுக்கத்தில் இராணுவம் சுட்டது. அதே மாத இறுதியில் பாதுகாப்புத் துறையின் உளவுப் பிரிவு, இன்னும் பத்தாண்டுகள் ஷா ஆட்சியில் நீடிப்பார் என எதிர்பார்த்தது. நவம்பர் 9 அன்றுதான் தூதர் ஸல்லிவன், நினைத்துப் பார்க்க முடியாததை நினைக்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்ற பொருளில் தந்தி அனுப்பினார். இரு நாட்களுக்குப் பின் கார்ட்டர் தம் கைப்பட எழுதிய குறிப்பில், அரசியல் உளவுத் தகவல்களின் தரம் தமக்குத் திருப்தியளிக்கவில்லை என்று அதிகாரிகளைக் கண்டித்தார். முஹர்ரம் ஆஷூராவையொட்டி டிசம்பர் 10, 11 நாட்களில் இலட்சக்கணக்கானோர் வீதிகளில் நடந்தனர். ஜனவரி 16 அன்று ஷா நாட்டை விட்டு வெளியேறினார். சி.ஐ.ஏ.வின் வேண்டுகோளுக்கிணங்கப் பேராசிரியர் ராபர்ட் ஜெர்விஸ் பின்னர் எழுதிய உள்ஆய்வு, மார்க்கப் பற்றின் வலிமையையும் அந்நிய எதிர்ப்புணர்வையும் ஆய்வாளர்கள் குறைத்து மதிப்பிட்டதை ஒப்புக்கொள்கிறது.

எல்லாவற்றிலும் வியப்பானது ஒன்று. 1974-லேயே ஷாவுக்கு இரத்தம் சார்ந்த புற்றுநோய் இருப்பதை பிரெஞ்சு மருத்துவர்கள் கண்டறிந்து, தெஹ்ரானுக்கு இரகசியமாக வந்து சிகிச்சையளித்து வந்தனர். ஐந்தாண்டுக் காலம் அமெரிக்காவுக்கு இது தெரியாது. எவர் ஒருவரின் உயிரை நம்பி ஒரு வல்லரசு தன் வளைகுடாக் கொள்கை முழுவதையும் கட்டியதோ, அவர் நோயாளி என்பதே அதற்குத் தெரியவில்லை.

தெரிந்தபோது அது வேறு விதமாகச் சுட்டது. 1979 பிப்ரவரியில் தெஹ்ரான் தூதரகம் ஒருமுறை தாக்கப்பட்டிருந்தது. ஷாவை அமெரிக்காவுக்குள் அனுமதித்தால் ஆபத்து என்று தூதரகப் பொறுப்பாளர் லெய்ஞ்சன் எழுதினார். கிஸிங்ஜரும் டேவிட் ராக்ஃபெல்லரும், பழைய நண்பரைக் கைவிடுவது இழுக்கு என்று வற்புறுத்தினர். நம் ஆட்களை அவர்கள் பிணையாகப் பிடித்தால் அப்போது எனக்கு என்ன ஆலோசனை தருவீர்கள் என்று கார்ட்டர் கேட்டதாக உடனிருந்தோர் எழுதியுள்ளனர். அக்டோபர் 22 அன்று ஷா சிகிச்சைக்காக நியூயார்க்கில் வந்திறங்கினார். 1953-ல் ரோமிலிருந்து அவர் திரும்பி வந்ததை மறவாத ஈரானியர், மற்றொரு ஆகஸ்ட் 19 தயாராகிறது என்றே எண்ணினர். நவம்பர் 4 அன்று மாணவர்கள் தூதரகத்தைக் கைப்பற்றினர். 52 பேர் 444 நாட்கள் பிணைக்கைதிகளாக இருந்தனர். கிழித்தெறியப்பட்ட தூதரக ஆவணங்கள் ஒட்டவைக்கப்பட்டு நூல்களாக வெளிவந்தன.

அச்செயலை நாம் நியாயப்படுத்தவில்லை. நபித்துவம் கோரிய பொய்யன் முஸைலிமாவின் தூதர்கள் மதீனாவில் தம் வழிகேட்டை முகத்துக்கு நேரே உரைத்தபோதும், தூதர்கள் கொல்லப்படலாகாது என்று அவர்களை நபி (ஸல்) அவர்கள் விட்டுவிட்டார்கள். தூதருக்கு அமான் உண்டு என்பது நம் ஃபிக்ஹின் தெளிவான நிலை. வெற்றி பெற்ற புரட்சி பின்னர் தன் சொந்த மக்களில் பலரைக் கொன்றதும் வரலாறே. ஒரு தவறின் வேரைத் தேடுவது அதன் கிளையைப் போற்றுவதாகாது.

விலைப் பட்டியலின் எஞ்சிய பகுதி பலரும் அறிந்தது. 1980 ஏப்ரலில் பிணைக்கைதிகளை மீட்கச் சென்ற படையினரில் எட்டுப் பேர் தபஸ் பாலைவனத்தில் மாண்டனர். அந்த ஏப்ரல் 7 அன்று தூதரக உறவு அறுந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் கார்ட்டர் தோற்றார். ஈரானிய எண்ணெய் சந்தையிலிருந்து மறைந்ததும் உலக விலை மீண்டும் இரு மடங்குக்கு மேல் ஏறிற்று. எந்த ஒட்டுக்கேட்பு நிலையங்களுக்காக இத்தனையும் பொறுத்தார்களோ அவை போயின. விற்ற எஃப்-14 விமானங்கள் பகைவரின் கையில் இருந்தன. 1967-ல் அமெரிக்காவே தெஹ்ரானுக்கு அளித்த ஆய்வு அணு உலையும் அங்கேயே இருந்தது. ஈரானை அடக்க ஸத்தாம் ஹுஸைனுக்குச் சாய்ந்ததும், அப்போரின் இறுதியில் 1988 ஜூலை 3 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரானியப் பயணிகள் விமானத்தை வீழ்த்தி 290 பேர் மடிந்ததும், பின்னர் அதே ஸத்தாமோடு இருமுறை போரிட நேர்ந்ததும் இதே கணக்கின் அடுத்தடுத்த பக்கங்கள்.

ஷாவின் நேசத்தால் அமெரிக்கா எதையுமே பெறவில்லை என்று நாம் கூறவில்லை. 25 ஆண்டுகள் சோவியத் எல்லையில் ஒரு நண்பர் இருந்தார். எண்ணெய் தடையின்றி வந்தது. இஸ்ரேலுக்கும் அது கிட்டியது. அந்த 25 ஆண்டுகளைப் பெரிதெனக் கருதுவோர் அமெரிக்காவில் இன்றும் உள்ளனர். ஆனால் பாஸ்கர்வில்லின் கல்லறைக்கு மலர் வைத்த ஒரு சமுதாயம், அதே நாட்டின் கொடியைத் தெருவில் எரிக்கும் சமுதாயமாக மாறியதும் அதே 25 ஆண்டுகளில்தான்.

2000 மார்ச் 17 அன்று வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட், முஸத்திக்கின் வீழ்ச்சியில் தம் நாட்டுக்குப் பங்கிருந்ததை வெளிப்படையாகக் கூறினார். 2009 ஜூன் 4 அன்று கெய்ரோவில் முஸ்லிம் உலகை நோக்கிப் பேசிய அதிபர் ஒபாமாவும் அதையே குறிப்பிட்டார். அன்று அவர் பேசுமுன் பார்வையிட்ட சுல்தான் ஹஸன் மஸ்ஜிதின் எதிர்ப்புறத்தில்தான் ஷாவின் கப்ரு இருக்கிறது. கவிழ்ப்பைத் திட்டமிட்டு நடத்தியது தாங்களே என்று ஒப்பும் சி.ஐ.ஏ. ஆவணம் 2013 ஆகஸ்டில், நிகழ்ச்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவன்று, வெளியிடப்பட்டது. தெஹ்ரான் கடைவீதியில் அது யாருக்கும் புதிய செய்தியாக இருக்கவில்லை.